அச்சு தேய்ந்தால் வண்டி தேய்ந்ததாகுமா?



மழைக்காலம் கழிந்து நம் அம்பர்நாத்தின் வீதிகள் உலரத் தொடங்கியிருந்தன. ஆயுத பூஜைக்குப் பத்து நாட்கள் இருக்கையில், சங்க அன்பர் ஒருவரின் புதல்வன் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தான். அவனுடைய தந்தையார் இரண்டாண்டுகளுக்கு முன் காலமானவர். 1986-இல் வாங்கிய அவ்வண்டியில்தான் அவர் ஓய்வுபெறும் வரையில் படைக்கலத் தொழிற்சாலைக்குச் சென்று வந்தார்.

“மாமா, மிதிக்கும்போது கடகடவென்று சப்தம் கேட்கிறது. செயினும் அடிக்கடி கழன்று விழுகிறது. இனி இது தேறாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்கிறார் கடைக்காரர். அம்மாவோ கொடுக்கவே கூடாது என்கிறாள்” என்றான்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் அச்சாணி தேய்ந்ததற்காகத் தேரையே விறகாக்கியவர் எவருமிலர். “வண்டியைக் கொடுக்க வேண்டாம், முதலில் பிரித்துப் பார்ப்போம்” என்று கூறி அவனையே ஸ்பேனரைப் பிடிக்கச் செய்தோம். அன்று அவனுக்குக் கூறியவற்றையே இம்மாதம் நேயர்களுக்கும் கூற விழைகின்றோம்.

இரு மிதிகட்டைகளையும் தாங்கும் கிராங்குகள், சட்டத்தின் அடிப்பகுதியிலுள்ள குழாய்க் கூட்டின் வழியே செல்லும் ஓர் அச்சில் பூட்டப்பட்டிருக்கின்றன. கடைகளில் இதனை ‘பி.பி. ஆக்சில்’ என்பர். கூட்டின் இருபுறமும் மரையிட்ட இரும்புக் கிண்ணங்கள் இரண்டு உண்டு. அவற்றிற்கும் அச்சிற்கும் இடையே பக்கத்திற்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள் இருபத்திரண்டு உருள்கின்றன. மிதிப்பவரின் பாரம் முழுவதையும் சுமப்பவை இக்குண்டுகளே. நம் ஊர் மழையில், ஆசனத் தண்டின் வழியாக இறங்கும் நீர் இக்கூட்டில்தான் வந்து தேங்குகின்றது. கிரீஸ் கரைய, துரு ஏற, குண்டுகள் உருள்வதை விடுத்து அராவத் தொடங்குகின்றன.

பழுது எங்குள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரண்டும் ஒருசேர ஆடினால் தேய்வு அச்சில் உள்ளது. ஒன்று மட்டும் ஆடினால் அதனைப் பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்துள்ளது. இதனையும் அலட்சியம் செய்யலாகாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கையில் பின் நழுவினால் விழுபவர் நாமே.

காட்டர் பின்னைக் கழற்றும்போது நட்டை முற்றிலும் நீக்காமல், மரையின் முனைக்குச் சமமாக நிறுத்திக்கொண்டு, கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஓங்கி ஒரே அடி அடித்தல் வேண்டும். முட்டில்லாமல் பலமுறை தட்டினால் அந்த அடியெல்லாம் கிண்ணத்தின் மீதே விழும்.

பின்னர் இடப்பக்கத்து லாக் ரிங்கையும் கிண்ணத்தையும் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழற்றலாம். வலப்பக்கத்துக் கிண்ணமோ நேர்மாறானது. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்கும் பொருட்டே அவ்வாறு மரையிட்டுள்ளனர். இதனை அறியாது வலிந்து திருப்பிச் சட்டத்தின் மரையையே அழித்துவிடுவோர் உளர்.

அத்தம்பியின் வண்டியைத் திறந்தபோது இடப்பக்கத்தில் எட்டுக் குண்டுகளே இருந்தன. அவற்றுள்ளும் இரண்டு பிளந்திருந்தன. முன்னர் எவரோ பழையவற்றுடன் சில புதியனவற்றைக் கலந்து போட்டிருந்தனர். தேய்ந்தவற்றினிடையே புதியது ஒன்று இருப்பின், பருமன் மிகுந்த அதுவே பாரம் முழுவதையும் தாங்கி விரைவில் உடையும். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்ததில், அச்சின் மீது அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தெரிந்தன. இடக் கிண்ணத்திலும் அவ்வாறே. வலக் கிண்ணம் மட்டும் வழவழப்பாக இருந்தது. கூட்டின் மரை நல்லவேளையாகக் கெடவில்லை. இன்னும் சில திங்கள் ஓட்டியிருந்தால் ஆடும் கிண்ணம் அம்மரையைத் தின்றிருக்கும். அப்போது கடைக்காரர் வாக்கு மெய்யாகியிருக்கும்.

புதிய உறுப்புகள் வாங்கச் செல்கையில் பழையவற்றைக் கையோடு எடுத்துச் செல்க. ராலே வகை வண்டிகளின் கிண்ணத்தில் அங்குலத்திற்கு 26 மரைகள் உண்டு. ஏனையவற்றில் பெரும்பாலும் 24. அச்சின் நீளமும் காட்டர் பின்னின் பருமனும் வண்டிக்கு வண்டி வேறுபடும். தம்பி ஓர் அச்சு, ஓர் இடக் கிண்ணம், இருபத்திரண்டு குண்டுகள், இரண்டு காட்டர் பின்கள் ஆகியவற்றை வாங்கி வந்தான்.

பூட்டும் முறையைச் சுருங்கக் கூறுவோம். கிண்ணங்களில் தாராளமாகக் கிரீஸ் தடவிக் குண்டுகளைப் பதித்திடுக. இன்னும் சிறிது இடம் இருப்பதுபோல் தோன்றினும் மேலும் ஒன்றைத் திணிக்கலாகாது. அச்சின் நீண்ட முனை பல்சக்கரத்தின் பக்கம் அமைய வேண்டும். இடக் கிண்ணத்தை, அச்சு ஆடாமலும் இறுகாமலும் சுழலும் அளவிற்கு முடுக்கி, அது திரும்பாதவாறு பிடித்துக்கொண்டு லாக் ரிங்கைப் பூட்டுக. காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நுழைதல் வேண்டும். இன்றேல் கிராங்குகள் ஒரே நேர்க்கோட்டில் நில்லா. சில நாட்கள் ஓட்டிய பின் அவற்றின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்குதல் இன்றியமையாதது.

இன்றைய புதுவகைச் சைக்கிள்கள் பலவற்றில் இப்பகுதி முழுவதும் மூடிய ஒரே உறுப்பாக வருகின்றது. தேய்ந்தால் அப்படியே மாற்ற வேண்டியதுதான். பழைய வண்டியோ தன் நோயைத் திறந்து காட்டும். தேய்ந்ததை மட்டும் மாற்றவும் இடங்கொடுக்கும். அவ்வண்டியைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1949-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற நிறுவனம். நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து புறப்பட்டு இங்கு உழைக்க வந்த வண்டி அது.

ஆயுத பூஜையன்று அச்சைக்கிள் சந்தனமும் குங்குமமும் அணிந்து அவர்கள் வாயிலில் நின்றது. மறுநாள் முதல் தம்பி அதிலேயே ரயில் நிலையத்திற்குச் செல்கின்றான். “வண்டி வருவதே தெரியவில்லையே!” என்று அவன் தாயார் வியந்தாராம்.

நேயர்களே, ஆண்டுதோறும் வண்டிக்குப் பொட்டிடுகின்றோம், மாலை சூட்டுகின்றோம். அதற்கு முதல் நாள் அச்சையும் ஒருமுறை திறந்து, கழுவி, கிரீஸ் இட்டுப் பூட்டுவோமாக. பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தந்தையின் வண்டியோடு அதனைப் பேணும் கைப்பழக்கமும் அவர்களுக்குச் சேரட்டும்.