கவனிப்பது பெண்கள், முடிவெடுப்பது ஆண்கள்: மதராசி கேம்ப் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் ஒரு பகுதியினர் மட்டுமே மறுவாழ்வுக்குத் தகுதி பெற்றனர். அவர்களுக்குத் தலைநகரின் வடக்கு எல்லையிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் அவர்களுக்கு நெடுந்தொலைவாகிவிட்டன.

புதிய இடத்தில் மருந்தகம் எங்கே அமைய வேண்டும், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் அது திறந்திருக்குமா, மகப்பேறு வசதி இருக்குமா என்பவை நிர்வாக முடிவுகள். அவற்றை எடுக்கும் பொறுப்புகளில் பெண்கள் மிகக் குறைவு.

உலக சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால் உயர் பொறுப்புகளில் அவர்களது பங்கு 25 விழுக்காடு மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சுட்டிக்காட்டியது. தில்லி எய்ம்ஸ் இதற்குச் சான்று. நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் முயற்சியால் 1956-இல் உருவான அந்நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த ஒரே பெண், கதிரியக்க மருத்துவர் சினேக் பார்கவா. 1984 அக்டோபர் 31 அன்று, சுடப்பட்ட பிரதமர் இந்திரா காந்தி அங்கு கொண்டுவரப்பட்ட நெருக்கடியிலேயே அவரது பொறுப்பு தொடங்கியது.

இந்த இடைவெளிக்குத் திறமைக் குறைவு காரணமன்று. அரசு மருத்துவமனைகளில் மருத்துவக் கண்காணிப்பாளர் பதவி பொதுவாக மருத்துவர்களுக்கே உரியது. எனவே, பெரும்பாலும் பெண்களைக் கொண்ட செவிலியர் பிரிவில் எவ்வளவு அனுபவம் பெற்றாலும், பதவி உயர்வு பொதுவாகச் செவிலியப் பிரிவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மருத்துவர்களாக உள்ள பெண்களுக்கோ, பணிமூப்பைக் கணக்கிடும் காலமும் குழந்தை வளர்ப்புக் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

அடித்தளத்தில் நிலைமை இன்னும் கடினம். 2005-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்கள் அனைவரும் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அவர்களுக்கு விருது வழங்கியது. எனினும், அவர்கள் இன்றும் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களாகவே கருதப்படுகின்றனர்.

மதராசி கேம்ப் போன்ற குடியிருப்புகளில் எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்கு மருந்து தடைபட்டது என்பதை அறிந்தவர்கள் இத்தகைய பெண்களே. அந்த அறிவு திட்டமிடும் மேசையை எட்ட வேண்டுமானால், களப்பணிக்கும் செவிலியத்துக்கும் நிர்வாகம் வரை பதவி உயர்வுப் பாதை வேண்டும். அதுவரை, மக்களின் தேவையை நேரில் அறிந்தவர்கள் ஒருபுறமும் முடிவெடுப்பவர்கள் மறுபுறமும் இருக்கும் நிலையே தொடரும்.