கிழவியின் கணக்கு எண் ஊருக்கு எதற்கு?

முகவரிப் பட்டையில் இருந்த ‘நோலாகின்’ என்ற சொல்லை ‘லாகின்’ என்று மாற்றினார்கள்; அவ்வளவுதான். தேசிய சமூக உதவித் திட்ட இணையதளம் மறைத்து வைத்திருந்த பயனாளிகளின் விவரங்கள் கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டன. பெங்களூருவில் உள்ள ஆய்வு மையம் ஒன்று 2017 மே மாதம் இதை அம்பலப்படுத்தியது. நூறு நாள் வேலைத் தளம் உட்பட நான்கு அரசுத் தளங்கள் வழியே சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியாகியிருக்கலாம் என்றது. ஆதார் ஆணையமோ, தவறைச் சொன்னவர்களிடமே விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. வெட்கக்கேடு!

செங்கல்பட்டு மாவட்டத்தில், செய்யூரிலும் கொக்கிலமேட்டிலும் முதியோர் உதவித்தொகைக்கு மனு போடும் மூதாட்டி, தன் வங்கிக் கணக்கு எண்ணைத் தாசில்தார் அலுவலகத்தை நம்பித்தான் கொடுக்கிறார். கூகுளில் தேடுகிற எவனுக்கோ அல்ல. வெளிப்படைத்தன்மை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். யாருக்கு எவ்வளவு பணம் போனது என்பது ஊருக்குத் தெரியட்டும். எந்தக் கணக்குக்குப் போனது என்பது தெரியத் தேவையில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016 சட்டத்தின் 29(4) பிரிவே சொல்கிறது.

பக்கத்தைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கோளாறு. தேடுபொறி ஏற்கெனவே நகல் எடுத்துத் தன் இன்டெக்ஸில் (தேடல் அட்டவணையில்) வைத்திருக்கலாம். தளத்தின் ‘ரோபோட்ஸ்’ (robots.txt) கோப்பில் தேடுபொறியை வராதே என்று எழுதுவது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. எந்த ஃபோல்டரை மறைக்கிறோம் என்று திருடனுக்கு வழிகாட்டவும் செய்யும். அலுவலகத்துக்குள் இயங்கும் தேடலிலும் இதே கூத்து நடக்கலாம். கோப்பைத் திறக்கவிடாமல் தடுத்துவிட்டு, தேடல் முடிவில் அதன் இரண்டு வரியைக் காட்டினால் ரகசியம் போனது போனதுதான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மதுராந்தகத்துக்கு மாறுதலான ஊழியரின் பழைய அனுமதி இன்டெக்ஸில் அப்படியே நின்றால், அதற்கு யார் பொறுப்பு?

சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவையே கையில் வைத்திருக்கும் மாவட்டம் இது. இதைச் சரிசெய்ய ஆள் இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். தேசியத் தகவலியல் மையமும் மாவட்ட நிர்வாகமும் பயனாளிப் பட்டியல்கள் அனைத்தையும் உடனே தணிக்கை செய்ய வேண்டும். எவர் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி ஒவ்வொரு ஆவணத்தோடும் இன்டெக்ஸிலேயே பதிவாக வேண்டும். மாறுதல் ஆணை வந்த அன்றே அது திருத்தப்பட வேண்டும். வெளியே போய்விட்ட நகல்களை நீக்கச் சொல்லித் தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுத வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. பொறுப்பதிகாரியின் பெயரை ஆட்சியர் அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.