கீழ்ப்படிதல் யாருக்கு?

கிறிஸ்தவ மார்க்கத்திலே கீழ்ப்படிதல் என்பது மற்ற எல்லாக் குணங்களுக்கும் தாயாக மதிக்கப்பட்டு வருகின்றது. ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டது கீழ்ப்படியாத குற்றத்திற்காக என்கிறார்கள். ஆபிரகாம் தான் பெற்ற பிள்ளையை அறுக்கக் கத்தி எடுத்தது கீழ்ப்படிதலின் சிகரம் என்கிறார்கள். மனைவி புருஷனுக்கும், பிள்ளை தகப்பனுக்கும், குடிகள் அரசனுக்கும், விசுவாசி குருவுக்கும், குரு மேற்றிராணியாருக்கும், மேற்றிராணியார் ரோமாபுரியிலிருக்கும் போப்பாண்டவருக்கும் கீழ்ப்படியவேண்டும் என்பதாக ஒரு ஏணி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏணியின் கடைசிப் படியில் அடிமையும் மறக்கப்படவில்லை. பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்திலே, அடிமை தன் எஜமானனுக்கு அடங்கி நடக்கும்படி புத்தி சொல்லப்பட்டிருக்கிறது. எஜமானனுக்கும் புத்தி சொல்லாமலில்லை. அடிமையை அதட்டாதே என்று சொல்லியிருக்கிறது. விட்டுவிடு என்று சொல்லவில்லை.

இந்த ஏணியைப் பற்றிச் சொல்லவேண்டியது எவ்வளவோ உண்டு. இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுவோம். மேலேயிருந்து கீழே வருகின்ற உத்தரவு சாதியைத் தொட்டபோதெல்லாம் அதற்கு யார் கீழ்ப்படிந்தார்கள்?

இதற்குப் பதில் பார்ப்பதற்கு முன் நமது விருத்தாசலத்து மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. களிமண் குயவனைப் பார்த்து, என்னை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்குமா என்பது பாதிரிமார்களுக்கு மிகவும் பிடித்தமான உவமை. எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போன கதையிலும், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்திலும் இது வருகிறது. இந்த உவமையை வேறு எந்த ஊரில் சொன்னாலும் சொல்லலாம். பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தில் சொல்லக்கூடாது. நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணைக் கரைத்து, அச்சில் ஊற்றி, சூளையில் வைத்து, பொம்மையும் ஜாடியும் மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்து பிழைக்கின்ற நமது தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். மண் கேள்வி கேட்குமா என்றால் சிரிப்பான். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் காயவிட்டால் மண் கோணிக்கொள்ளும். ஈரம் தங்கியிருக்கும்போதே சூட்டை ஏற்றினால் வெடித்துச் சிதறும். கலவை சரியில்லாவிட்டால் மேற்பூச்சை உரித்துத் தள்ளும். அப்போது அவன் மண்ணைப் பாவியென்று வைவதில்லை. கலவையை மாற்றுகிறான், சூட்டை மெல்ல ஏற்றுகிறான், அதாவது மண் சொன்னதைக் கேட்டுக் கொள்ளுகிறான். எரேமியா பார்த்த பாத்திரமும் முதல் தடவை குயவன் கையிலேயே கெட்டுப்போனதாகத்தான் எழுதியிருக்கிறது. பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மண்ணுக்கே இவ்வளவு உரிமை இருக்கும்போது மனிதனுக்கு இல்லை என்று சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை?

நிற்க. கேள்விக்கு வருவோம்.

கீழ்ப்படிதலுக்குப் பேர்போன கூட்டம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது சேசு சபை. அதை ஸ்தாபித்த இஞ்ஞாசியார், மேலதிகாரியின் கையில் பிணத்தைப் போலவும் கிழவன் கைத்தடியைப் போலவும் இருக்கவேண்டும் என்பதாகத் தமது சபைக்கு விதி செய்தவர். மற்ற சந்நியாசிகளுக்கில்லாத நான்காவது வாக்குத்தத்தம் ஒன்றும் அவர்களுக்கு உண்டு. அது போப்பாண்டவருக்கு விசேஷமாகக் கீழ்ப்படிவது. இப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவியும் பூணூலும் தரித்து, மேல்சாதியாரைப் பிடிக்கவேண்டுமானால் கீழ்ச்சாதியார் என்று சொல்லப்பட்டவர்களோடு ஒட்டக்கூடாது என்று முறை வகுத்தார். அந்த முறையில் ஒரு நூற்றாண்டு நடந்தது. ரோமாபுரியிலிருந்து அனுப்பப்பட்ட பிரதிநிதியான தூர்னோன் என்பவர் புதுச்சேரிக்கு வந்து விசாரித்து, இந்த ஆசாரங்கள் கூடாதென்று 1704-இல் தீர்ப்புச் செய்தார். அவர் கண்டித்தவற்றில் ஒன்று, சாகக் கிடக்கின்ற தீண்டாதவன் குடிசைக்குள் குருவானவர் போய் அவனுக்குரிய சடங்கைச் செய்ய மறுப்பது. மனிதத் தன்மையுள்ள எவனுக்கும் இது ஒரு உத்தரவாகவே சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிணங்களும் கைத்தடிகளும் என்ன செய்தன? விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம், விளக்கத்தின் மேல் விளக்கம் என்பதாக நாற்பது வருஷ காலம் வழக்காடினார்கள். 1744-இல் பதினான்காம் பெனதிக்து முடிவாக உத்தரவு போட்டபோதும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடிக்கப்பட்டது. தீண்டாதவர்களுக்கென்று தனியாகச் சில குருமார்களை வைத்துவிடுவது. மற்றவர்கள் பழையபடி ஒதுங்கியே இருப்பது. சாதி ஒழிப்பு உத்தரவிலிருந்து பிறந்த பிள்ளை, பாதிரியிலும் இரண்டு சாதி!

நமது விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டினார் என்று சொல்லப்படுகிற வீரமாமுனிவர் இந்தக் காலத்தவர்தான், இந்தச் சபையார்தான். மாதாவுக்கு வைத்த பெயர்கூட விருத்தாசலத்து அம்மன் பெயர். அவர் தமிழுக்குச் செய்த தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர் சபை இந்த விஷயத்தில் நடந்துகொண்டதைத்தான் சொல்லுகிறோம்.

பாதிரிமார் மட்டும் இப்படியா, விசுவாசிகள் எப்படி என்று கேட்கலாம். புதுச்சேரி மாதாகோயிலுக்குள் சாதியைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததும், 1745-இல் அது இடிக்கப்பட்டதும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்கள் குருவோடு தகராறுக்கு நின்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இங்கே உத்தரவு போட்டவர் குரு. மீறியவர்கள் மேல்சாதி விசுவாசிகள். புராட்டஸ்டண்டுக்காரர்கள் என்ன வாழ்ந்தார்கள்? 1833-இல் கல்கத்தாப் பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிடவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் சாதியை விடவில்லை, கோயிலை விட்டார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், சாதிக்கொரு மண்டபமாக இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரி ஒரு கோயிலையே கட்டி, பீடத்தில் மட்டும் சேரவிட்டிருந்தார்கள். 1910-இல் நடுத்தடுப்பை குருவானவர் எடுத்துவிட்டார். பிள்ளைமார் விசுவாசிகள் மண்டியிட்டுக் கீழ்ப்படிந்தார்களா? வக்கீலைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். தடுப்பை எடுத்த குருவானவரை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல் என்று வாரந்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள், தடுப்பு போனவுடன் சிவில் பிராது எழுதத் தெரிந்துகொண்டது எப்படி என்பதே நமது ஆச்சரியம்.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2003 நவம்பரில் ரோமாபுரிக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களைப் பார்த்து, கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது மனித ஒற்றுமைக்கே விரோதமான அடையாளம் என்ற கருத்துப்பட இரண்டாம் ஜான்பால் போப் பேசினார். ஏணியின் உச்சியிலிருந்தே வந்த வார்த்தை. நாலரை வருஷம்கூட ஆகவில்லை, 2008 மார்ச்சு 9-ஆம் தேதி எறையூரில் என்ன நடந்தது?

எறையூர் நமக்குத் தூரத்து ஊர் அல்ல. உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்து ஊர். புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே செபமாலை மாதா கோயில் பெரிய கோயில். வன்னியக் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களும் ஒரே மாதாவுக்கு ஒரே செபத்தைச் சொல்லுகிறவர்கள். ஆனால் தாழ்த்தப்பட்டவர் பிணத்துக்கு வழி வேறு, கல்லறை வேறு. ஒரே மோட்சத்துக்குப் போகிறவனுக்கு இரண்டு பாதை. வெறுத்துப்போன தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், தங்கள் தெருவிலிருக்கும் சகாய மாதா கோயிலையே தனிப் பங்காக ஆக்கித் தரும்படி கேட்டார்கள். பட்டினி கிடந்து கேட்டார்கள். அதன் மேல் கலகம் வந்து, வீடுகள் தாக்கப்பட்டு, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். மாண்ட இருவரும் வன்னியர்கள். அவர்கள் வீட்டுத் துக்கம் நமக்கும் துக்கம்தான். பார்ப்பனன் சாஸ்திரத்தில் சூத்திரன் என்று எழுதி வைக்கப்பட்ட ஒருவன், அந்த இழிவைத் தனக்குக் கீழே ஒருவனிடம் காப்பாற்றி வைக்கும் பொருட்டு உயிரை விடுவதைவிடப் பரிதாபம் வேறென்ன இருக்கிறது?

சாதிக்கொரு பங்கு பிரித்துக் கொடுப்பது கிறிஸ்தவத்துக்கு விரோதம், பொறுமையாயிருந்து சபைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வாதிப்போர் உண்டு. வாதம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சாதிக்கொரு பிணவழி இருந்தபோது அது விரோதமாகப் படவில்லையா? சாதிக்கொரு கல்லறைக்குப் புனித நீர் தெளித்துவிட்டு வந்த கை, தனிப் பங்கு என்றவுடன் நடுங்குவானேன்? மேல்சாதியான் பிரிந்திருந்தால் அது ஊர் வழக்கம். தாழ்த்தப்பட்டவன் மானத்துக்காகப் பிரிகிறேன் என்றால் கீழ்ப்படியாமை என்பது எந்த வேதத்து நியாயம்?

நம்மைப் பார்த்துச் சிலர் கேட்கக்கூடும்: ஒருவருக்கொருவர் கீழ்ப்படியாவிட்டால் உலகம் நடக்குமா, உங்கள் பீங்கான் சூளைதான் நடக்குமா என்று. நடக்காது, ஒப்புக்கொள்ளுகிறோம். விருத்தாசலம் ஜங்ஷனில் சிவப்புக் கைகாட்டிக்கு ரெயில் டிரைவர் கீழ்ப்படியத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைகாட்டி ஏன் சிவப்பு என்று கேட்டால் காரணம் சொல்லுவார்கள். முதலியார் ஓட்டினாலும் ஆதிதிராவிடர் ஓட்டினாலும் அது ஒரே சிவப்பு. காரணம் சொல்லுகின்ற, ஆளுக்கு ஆள் மாறாத விதிக்கு அடங்குவது அறிவு. காரணம் கேட்டாலே பாவம் என்பதற்கு அடங்குவது அறிவாகாது. இன்னும் சிலர், இந்து மதம் மட்டும் யோக்கியமா என்பார்கள். அது பிறவியிலேயே உயர்வு தாழ்வு உண்டென்று பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. எல்லோரும் ஒன்றென்று வாக்குக் கொடுத்து அழைத்தவர்களிடம் அந்த வாக்கைத்தான் கேட்கமுடியும்.

உள்ளபடி பார்த்தால், கிறிஸ்தவ சரித்திரத்தில் இவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்களெல்லாம் கீழ்ப்படியாதவர்கள் பெயர்கள். ஆலோசனைச் சங்கத்தார் பேசாதே என்றபோது, மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிவேன் என்ற கருத்தில் பேதுரு பதில் சொன்னார். 1521-இல் வோர்ம்ஸ் சபையில் லூதர் சொன்னதை வாபஸ் வாங்க மறுத்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு டேனிஷ் கவர்னரோடு மோதி 1708-இல் சிறைக்குப் போனார். அதே சீகன்பால்கு தமிழை அச்சிட்டதைப் பாடப் புத்தகத்தில் வைக்கிறோம். இவர்களுக்கெல்லாம் மனச்சாட்சி இருந்தது, எறையூர்க் கூலிக்காரனுக்கு மட்டும் அது இருக்கக்கூடாதா?

மீறினவர்களுக்குத் தண்டனையே இல்லை என்றும் சொல்லமுடியாது. கேரளத்தில் லூசி களப்புரா என்ற கன்னியாஸ்திரீ, ஒரு மேற்றிராணியார் மேல் புகார் சொன்ன சகோதரிகளுக்காக 2018-இல் கொச்சியில் நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டவர். 2019-இல் அவருடைய சபை அவரை வெளியே தள்ளிற்று. சொல்லப்பட்ட காரணங்களில் கார் வாங்கியதும் கவிதைப் புத்தகம் போட்டதும் உண்டு. அந்த மேற்றிராணியார் 2022 ஜனவரியில் கோர்ட்டில் விடுதலையானார். அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. கார் வாங்கின பெண்ணுக்கு இருக்கிற சட்டம், கல்லறைக்கு நடுவே சுவர் வைத்தவனுக்கு எங்கே ஒளிந்துகொண்டது என்று மட்டும் கேட்கிறோம்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையே, சபைக்குள் சாதிக் கொடுமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒப்புக்கொண்டது நல்லது. இனி அந்த அறிக்கையையும் 2003-ஆம் வருஷத்துப் பேச்சையும் நல்ல தமிழில் அச்சிட்டு, விருத்தாசலம் முதல் எறையூர் வரை ஒவ்வொரு கோயில் கதவிலும் ஒட்டட்டும். பக்கத்திலேயே எந்தெந்தப் பங்கில் தனிக் கல்லறை, எந்தெந்தப் பங்கில் தனிப் பிணவழி என்று ஒரு ஜாபிதாவும் ஒட்டட்டும். சுவரை எடுக்க ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குப் பிறகும் எடுக்காத ஊருக்குத் திருவிழாவும் கொடியேற்றமும் கிடையாது என்று மேற்றிராணியார் கையெழுத்துப் போடட்டும். அதற்கு எத்தனை பேர் கீழ்ப்படிகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை களிமண்ணைப் பற்றிப் பிரசங்கம் செய்யலாம்.