ஏழு நாள் சேவை, எட்டாம் நாள் சேரி

தோழர்களே,

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் தொடங்குகிற காலம் வந்துவிட்டால் சேரிகளுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். தொப்பி, பேட்ஜ், பேனர், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர் சகிதம் ஏழு நாள். இந்த இதழை வாசிக்கிற மாணவர்களில் பலர் அந்தத் தொப்பியைப் போட்டிருப்பீர்கள்; மற்றவர்கள் போடப்போகிறீர்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. சேவை என்ற சொல் நல்ல சொல்தான். யார், யாருக்கு, எதற்குப் பதிலாக அதைச் செய்கிறார்கள் என்று கேட்டால்தான் அதன் சாயம் வெளுக்கிறது.

கொஞ்சம் வரலாறு. 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். கொனாரக் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம் சின்னம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது முழக்கம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் முகாம், முடிவில் ஒரு சான்றிதழ்.

அதற்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதில் அதிகம். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் 'கிராமத்துக்குப் போ' என்று மாணவனை அனுப்பினார்கள். ஆனால் கிராமம் என்பது ஒன்றல்ல, ஊரும் சேரியுமாக இரண்டு என்பதை எந்த முகாம் நோட்டீசிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சாலை சீரமைப்பு, மரம் நடுதல், கண் பரிசோதனை, கால்நடை மருத்துவம், கலை நிகழ்ச்சி. சாதி என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்காது.

இந்தச் சேவைக்கு ஒரு மூதாதை உண்டு. 1932-இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு அதுவே ஹரிஜன சேவக சங்கம் ஆனது. அந்த நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பாபாசாகேப், சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒதுக்கப்பட்டவர் ஒவ்வொருவரையும் ஒழுக்கமுள்ளவராக, சுத்தமானவராக ஆக்குவதில் சக்தியை வீணாக்காதீர்கள் என்பது அதன் சாரம். கிணறு, பள்ளிக்கூடம், பொதுப்பாதை ஆகிய குடிமை உரிமைகளுக்காக நாடெங்கும் இயக்கம் நடத்துங்கள் என்றார். அப்படி நடத்தினால் சாதி இந்துக்களோடு மோதல் வரும், அதற்குத் தயாராகத்தான் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். வேலை செய்கிறவர்களை ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே எடுங்கள் என்றும் கேட்டார். சங்கம் அந்த வழியில் போகவில்லை. நிர்வாகத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டுப் போனவர்களிடம், இது சாதி இந்துக்கள் தங்கள் கடனைத் தீர்க்கிற சங்கம் என்று காந்தியார் விளக்கம் சொன்னதை 1945-இல் வந்த தன் நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். கடன் பட்டவன் எவ்வளவு கட்டுவது, எப்போது கட்டுவது என்று அவனே முடிவு பண்ணுவானாம். கொடுத்தவன் வாயைத் திறக்கக்கூடாதாம். ரொம்ப நல்ல கணக்கு.

இன்றைய முகாமிலும் அதே கணக்குதான் ஓடுகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்க தெருவுக்கு ஒரு கல்லூரி முகாம் வந்தது. தங்கினது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். சமைத்தது ஊர்க்காரர்கள். பகலில் வந்து எங்க தெருவைக் கூட்டினார்கள். பெண்களெல்லாம் கூசிப்போய், "வேணாம் சாமி, நாங்க பார்த்துக்கிறோம்" என்று துடைப்பத்தை வாங்கப் பார்த்தார்கள். அந்த ஏழு நாளில் எங்க வீடுகளில் ஒரு சொம்புத் தண்ணி யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. போகும்போது சுவரில் 'சுத்தம் சோறு போடும்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊரையே சுத்தம் செய்தவர்கள். அது அவர்களுக்கு என்ன சோறு போட்டது என்று எழுதினவனுக்கும் தெரியாது. எழுதச் சொன்னவருக்கும் தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தத் தொப்பிக்குள்ளே நம்ம பிள்ளையும் இருக்கிறான். உதவித்தொகையில் படிக்கிறவன், விடுதியில் இருக்கிறவன், தன் தெருவைப் போலவே இருக்கிற இன்னொரு தெருவுக்குச் சேவகனாகப் போகிறான். ராத்திரி சாப்பிட உட்காரும்போது கூடப் படிக்கிறவன் "இதுங்களுக்குச் சுத்தமே தெரியாதுடா" என்று சொல்லுவான். இவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் நீ எந்த ஊரு, எந்தத் தெருவு என்று ஆரம்பிப்பார்கள். முகாமில் சாக்கடைப் பக்கம் யாரை அனுப்புகிறார்கள், மேடையில் மைக் யாரிடம் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். சேவையிலும் வருணம் பிரித்துத்தான் வேலை நடக்கிறது.

மாணவர் கண்ணில் பட வேண்டியது எது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. விசாரிக்க மாவட்ட ஆட்சியர் வந்தபோதுதான், பக்கத்தில் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் நம் மக்களை விடாததும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தன. டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிகிற விஷயம் இது. அதைப் பார்க்க இப்படி ஒரு கொடுமை நடக்க வேண்டியிருந்தது. அப்புறம் என்ன நடந்தது? 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. தெரு அதை ஏற்கவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பிள்ளையை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கட்டத் தடை உட்பட அதில் பல பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, எல்லாச் சமூக மாணவர்களையும் சேர்த்துச் சமூக நீதி மாணவர் படை அமைக்க வேண்டும் என்பது. மாணவர் படை என்றால் அணிவகுப்பும் தெருக்கூட்டலும்தான் என்று இருந்த இடத்தில், சாதியை எதிர்ப்பதும் மாணவர் பணி என்று ஓர் அரசுக் குழுவே சொல்லியிருக்கிறது. இதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் முகாமைப் புறக்கணிப்பதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அரசு செலவில் ஏழு நாள், நூறு இளைஞர்கள், ஒரு கிராமம் என்று கிடைக்கிறபோது விட்டுவிடக்கூடாது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் எழுத்தோடு நிற்கவில்லை, சாராயக்கடையை மூடினார்கள். அது பரவி 1993 அக்டோபரில் ஆந்திர அரசே சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன தொண்டு போராட்டத்துக்குத் திரியாகவும் முடியும். யார் பேசுகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

எனவே முகாம் போகிற தோழர்களுக்கு என் யோசனைகள் சில.

முதலில் தங்குமிடம். சேரிக்கு முகாம் என்றால் சேரியில் தங்க வேண்டும், சேரியில் சாப்பிட வேண்டும். திட்ட அலுவலரிடம் இதை முகாமுக்கு முன்பே கூட்டாகக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கோரிக்கையே பல முகமூடிகளைக் கழற்றிவிடும்.

இரண்டாவது, கூட்டுவதை விட்டுக் கணக்கெடுங்கள். ஊரில் எத்தனை குழாய், சேரியில் எத்தனை? தார்ச்சாலை எந்த வீட்டோடு நிற்கிறது? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, யார் வயல் வழியாகப் பிணம் போகிறது? சலூனில் முடி வெட்டுகிறார்களா? இரட்டைக் குவளை இருக்கிறதா? தலித் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்திருந்தால் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விட்டார்களா? தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்த மாநிலம் இது. முகாம் அறிக்கையில் 'நட்ட மரங்கள் 200' என்பதற்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கும் ஏற வேண்டும்.

மூன்றாவது, நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1892-இல் ஒதுக்கப்படத் தொடங்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். அந்த நிலக்கணக்கைக் கேட்க இன்று 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், ஒரு மனு, 30 நாள். கிராமத்து அ பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவன், நூறு மரம் நட்டவனைவிடச் சேரிக்குப் பிரயோசனம்.

நான்காவது, ரொம்ப முக்கியம். நீங்கள் ஏழாம் நாள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். எட்டாம் நாள் காலையில் அந்த மக்கள்தான் அதே பண்ணையாரிடம் வேலைக்குப் போக வேண்டும், அதே கடையில் கடன் சொல்ல வேண்டும். அதனால் எதை வெளியே சொல்லலாம், எதை இப்போது வேண்டாம் என்று தெரு கூடி முடிவெடுக்கட்டும். பெண்களைக் கேளுங்கள். பெயர்களை எழுதாதீர்கள். வன்கொடுமை நடந்தால் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் போட வேண்டும், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம் என்பதையெல்லாம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். துணைக்கு ஒரு வக்கீல் தோழரின் முகவரியையும் கொடுங்கள். எட்டாம் நாளும் போக வேண்டும், எட்டாம் மாதமும் போக வேண்டும். அதற்கு மார்க்கும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

"மாணவர் முகாமில் அரசியல் கூடாது" என்று சொல்வார்கள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் அது குற்றம் என்று அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் நடக்கிற இடத்தில் அதைக் குற்றம் என்று எழுதுவது அரசியல் என்றால், பார்த்தும் பாராமல் கோலப்போட்டி நடத்திவிட்டு வருவதும் அரசியல்தான். அது ஊர்க்காரனின் அரசியல்.

தோழர்களே, இந்த வருஷம் முகாம் போகிறவர்கள் நான் மேலே சொன்ன கணக்கை எடுத்து எழுதி அனுப்புங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம் என்றால் வேண்டாம். குழாய்க் கணக்கு, பாதைக் கணக்கு, நிலக் கணக்கு இருந்தால் போதும். வருகிறவற்றை அடுத்தடுத்த இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம். அச்சான இதழை முதலில் அந்தத் தெருவுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஜெய் பீம்.

- ஆசிரியர்