ஆத்துல போட்டாலும் அளந்து போடு!
பள்ளிக்கூடச் செலவும் வீட்டு வரியும்: நம் சங்கத்தின் நிலை



வீட்டு வரி சம்பந்தமாக நம் கிளைக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது. "ஒரு ரூபாய் ஏத்தினாலும் கட்டக் கூடாது, குச்சிக்கிழங்கு விலை இருக்கிற லட்சணத்துக்கு வரி வேறயா?" என்று ஒரு பக்கம் சத்தம். "பள்ளிக்கூடத்துச் செவுரு விரிசல் விட்டுக் கிடக்குதே, பிள்ளைகளை எங்க உக்கார வைக்கிறது?" என்று தாய்மார்கள் பக்கம் கேள்வி. ரெண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ரெண்டையும் தராசில் வைத்துப் பார்க்காமல் கோஷம் மட்டும் போட்டால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வதாகும். அதனால்தான் இந்தப் பிரசுரம்.

பள்ளிக்கூடம் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். இதில் ரெண்டாவது பேச்சுக்கே இடமில்லை. நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அத்தனை பேரும் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவர்கள்தான். அந்தப் பள்ளி இல்லையென்றால் இந்த நோட்டீசைப் படிக்கிற கண் ஏது?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைப் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிள்ளைகள் மாண்டு போனார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ரெண்டுமே தனியார் நிர்வாகப் பள்ளிகள்தான். ஆனால் பழைய செவுருக்கு அரசு, தனியார் என்ற வித்தியாசம் தெரியாது. திருநெல்வேலிக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்தது சரி. ஆனால் இடித்த வேகத்தில் கட்டவில்லை. நம் ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் ரெண்டு வகுப்பறையை இடித்துவிட்டு, அஞ்சு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். மழை வந்தால் மாரியம்மன் கோயில் மண்டபம். அந்த வருசமே அஞ்சாறு பேர் கடன் வாங்கிப் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

இதுதான் நஷ்டக் கணக்கு. நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் லாரிக்கும் பேர் போனது மாதிரியே ஹாஸ்டல் வைத்த தனியார் பள்ளிக்கும் பேர் போனது. அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு வருசம் கட்டுகிற பீஸை வைத்து, ஓட்டு வீட்டுக்கு ஆயுசுக்கும் வீட்டு வரி கட்டிவிடலாம். அரசுப் பள்ளி நன்றாக இருந்தால் மிச்சமாவது நம் மடிக் காசுதான். இதை மறந்துவிட்டு வரியை மட்டும் பேசக் கூடாது.

வரி ஒரு பையில், பள்ளி வேறு பையில்

சரி, வீட்டு வரியை ஏத்தினால் பள்ளிக்கூடம் சரியாகிவிடுமா? இங்கேதான் சூட்சுமம்.

பழைய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் வீட்டு வரி இருக்கும். பக்கத்தில் நூலக வரி இருக்கும், ரூபாய்க்கு 10 பைசா. பள்ளிக்கூடம் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லை. வீட்டு வரி போவது கிராம ஊராட்சிக் கணக்குக்கு. அதில் தெருவிளக்குக் கரண்டு பில், குடிநீர் மோட்டார், துப்புரவுச் சம்பளம் என்று தீர்ந்துவிடும். பள்ளிக் கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வாத்தியார் சம்பளம் 1981-லிருந்து நேராக அரசாங்கத்தின் பொறுப்பு. நாம் கட்டுகிற பை ஒன்று, பள்ளிக்கூடத்துப் பை வேறொன்று. ஆக, "பள்ளிக்கூடத்துக்காகத்தான் வரி ஏத்துகிறோம்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கணக்கில் வரவு வைப்பீர்கள்?" என்று முதல் கேள்வி கேளுங்கள்.

நூலக வரியின் கதையே நமக்குப் பாடம். 1948-ல் நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து இந்த வரி நடக்கிறது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊருக்கு ஊர் நூலகம் கட்டினார்கள். எத்தனை ஊரில் அது திறந்திருக்கிறது? பல ஊரில் பூட்டில் துரு ஏறி, திண்ணையில் நாய் படுத்திருக்கிறது. வரி மட்டும் ஒரு வருசமும் பூட்டப்படவில்லை!

இன்னொரு கணக்கு. 400 வீடு உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருசம் 100 ரூபாய் கூட்டினால் 40,000 ரூபாய் சேரும். ஒரு வகுப்பறை பத்து லட்சம் என்றாலும் அதைக் கட்ட 25 வருசம் வேண்டும். இன்றைக்கு ஒண்ணாம் வகுப்பில் சேர்கிற பிள்ளை கல்யாணமாகித் தன் பிள்ளையைக் கூட்டி வரும்போதுதான் ஒரு அறை எழும்பும்! ஆனால் அதே 40,000 ரூபாயில் ஒழுகுகிற ஓட்டை மாற்றலாம், கழிப்பறைக்குத் தண்ணி விடலாம், அதைக் கழுவ ஒரு ஆளுக்கு மாசம் ஏதாவது கொடுக்கலாம். ஆக, கட்டடம் கட்டுவது மாநில அரசின் வேலை. ஊர் வரி பராமரிப்புக்குத்தான் தாங்கும். இதைப் பிரித்துப் பேசாதவர் நம்மை ஏமாற்றுகிறார், அல்லது அவரே ஏமாந்திருக்கிறார்.

2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. ஐந்து வருசத்தில் 7,000 கோடி ரூபாய் என்றார்கள். வரவேற்கிறோம். நம் ஒன்றியத்துக்கு அதில் எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்குப் போனது என்ற பட்டியலை ஒன்றிய அலுவலக வாசலில் ஒட்டச் சொல்கிறோம். அவ்வளவுதான்.

தில்லியிலும் கேட்க வேண்டும்

2004-லிருந்து கல்விக்கு என்று சொல்லி மத்திய அரசு தனியாகச் செஸ் வசூலிக்கிறது. முதலில் 2 சதவீதம், பிறகு 3, 2018-லிருந்து சுகாதாரத்தையும் சேர்த்து 4. செஸ் என்று பேர் வைத்துவிட்டால் மாநிலத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அதோடு விட்டார்களா? புதிய கல்விக் கொள்கைக்கு இசைந்து கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். 2025-ல் மாநில அரசு சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியதாயிற்று.

நமக்கென்ன என்று இருக்காதீர்கள். சின்னப் பள்ளிக்கு வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்க, பல்பு மாற்ற வருகிற 10,000, 25,000 ரூபாய் பராமரிப்பு மானியம் இந்தத் திட்டத்துப் பணத்தில் இருந்துதான். கொள்கையில் சண்டை இருக்கட்டும், பேசித் தீர்க்கட்டும். எருமைச் சண்டையில் நம் வயல் மிதிபடக் கூடாது.

பட்டணத்து அளவுகோல் காட்டுக்கு ஆகாது

இப்போது வரி பக்கம் வருவோம். 2018-ல் நகரங்களில் சொத்து வரியை ஏத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்தவுடனே மறுபடியும் உயர்வு! 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேலே 100 சதவீதம். சென்னையில் 150 வரைக்கும் போனது. மத்திய நிதிக்குழு நிபந்தனை போட்டது என்று காரணம் சொன்னார்கள். 2024-ல் பல நகரங்களில் மேலும் 6 சதவீதம்.

"அது டவுன்காரன் பாடு" என்று இருந்தோம். நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றிலும் உள்ள ஊராட்சிகளை அதோடு சேர்க்கிற பேச்சு வந்ததும் ஜனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஓடினார்கள். ஏன்? ஊரகத்துக்கான வேலைத் திட்டம் போய்விடும், பட்டணத்து வரி வந்துவிடும் என்ற பயம்தான். பட்டணத்துச் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. 1920-ஆம் வருசத் தொடக்கக் கல்விச் சட்டத்திலிருந்து வருகிற சங்கதி அது. காலி மனைக்கும் தனி வரி உண்டு.

பட்டணத்தில் வீடு பெரிசாக இருந்தால் வருமானமும் பெரிசு என்று கணக்குப் போடலாம். நம் ஊரில் அப்படியா? தாத்தா காலத்து ஓட்டு வீடு அகலமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் கட்டுத்தரை, ஒரு பக்கம் தட்டுப் போர், திண்ணையில் மஞ்சள் மூட்டை. அளந்தால் 1,800 சதுர அடியைத் தாண்டும். உள்ளே இருப்பது கிழவன் கிழவியும் கூட்டுறவு சொசைட்டிக் கடனும்தான்!

சேகோ மில்லுக்குக் கிழங்கு கொண்டு போகிறோம். வண்டியின் எடையை மட்டும் பார்த்தா காசு கொடுக்கிறான்? மாவு எத்தனை பாயிண்ட் என்று சோதித்து, பாயிண்ட் குறைந்தால் விலையைக் குறைக்கிறான். நம் கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கிற உலகம், நம் வீட்டுக்கு மட்டும் சதுர அடியைப் பார்த்து வரி போடுவது என்ன நியாயம்? அதே மாதிரி, நாம் கொடுக்கிற வரி ரூபாயில் பள்ளிக்கூடம் எத்தனை பாயிண்ட் என்று சோதிக்கிற உரிமையும் நமக்கு வேண்டும்.

யார் வரியைத் தீர்மானிப்பது என்பதும் கேள்விதான். சேலம், நாமக்கல் ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 சனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் வைக்காமல் தனி அலுவலர் கையில் ஒப்படைத்தார்கள். ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவன் வரி ஏத்தினால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். தனி அலுவலரை நாம் எங்கே போய்க் கேட்பது?

"கட்டவே மாட்டோம்" என்பது சரியா?

சரியில்லை என்பதே நம் சங்கத்தின் கருத்து. அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சொத்து வரியை நம்பித்தான் நடந்து வந்தன. அதனால் பணக்காரர் இருக்கிற ஊரில் பள்ளி மாளிகை, ஏழைகள் ஊரில் பள்ளி ஓட்டை. கலிபோர்னியா மாநிலத்து ஜனங்கள் 1978-ல் ஓட்டெடுப்பு நடத்தி, சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். வீட்டுக்காரர் தப்பித்தார். ஆனால் வரி வரவு பாதிக்குப் பாதியாக விழுந்து, பள்ளிக்கூடங்கள் மாநில அரசின் கையைப் பார்க்க வேண்டியதாயிற்று. முழுக்க ஊர் வரியை நம்பினாலும் கேடு, வரியை ஒரே வெட்டாக வெட்டினாலும் கேடு.

நமக்கு வழிகாட்ட வெளிநாடு வரைக்கும் போகவும் வேண்டாம். காமராசர் முதலமைச்சராக இருந்த 1950-களின் கடைசியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. எந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பிறகுதான் ஊராரிடம் கேட்டார்கள். ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கரும்பலகை, ஒருவர் கிணறு, ஒருவர் நிலம். கண் முன்னால் வேலை நடந்ததால் ஜனங்கள் கை நீட்டிக் கொடுத்தார்கள். நம் ஜனம் கொடுக்க அஞ்சாத ஜனம். கணக்குத் தெரியாமல் கொடுக்கத்தான் அஞ்சும்.

நம் கோரிக்கைகள்

1. பள்ளிக் கட்டடம் கட்டும் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்க வேண்டும். இடித்த வகுப்பறைகளைக் கட்டி முடிக்கத் தேதி அறிவிக்க வேண்டும்.
2. பள்ளிப் பராமரிப்புக்காக வீட்டு வரியில் கூட்டுவதானால் அதை ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும். தனிக் கணக்கில் வைத்து, அந்த ஊர்ப் பள்ளிக்கே செலவழிக்க வேண்டும்.
3. அந்தக் கணக்கைக் கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் படித்துக் காட்ட வேண்டும்.
4. கட்டுத்தரை, களம், விளைபொருள் வைக்கும் கொட்டகை ஆகியவற்றை வரிக்கான அளவில் சேர்க்கக் கூடாது. சாகுபடி நிலத்துக்குக் காலி மனை வரி கூடாது.
5. தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றமும் கிராம சபையும் ஏற்காமல் ஒரு ரூபாய்கூட உயர்த்தக் கூடாது.
6. மத்திய அரசு கல்விச் செஸ்ஸில் மாநிலத்துக்குப் பங்கு தர வேண்டும். கொள்கைத் தகராறைக் காட்டிப் பள்ளிப் பணத்தை நிறுத்தக் கூடாது.

நம் கடமையும் இருக்கிறது

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டால் ஆகாது. 2009-ஆம் வருசக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். எத்தனை பேர் கூட்டத்துக்குப் போகிறோம்? நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறோம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறோம், சங்கப் பொறுப்பாளர்கள் வீட்டுப் பிள்ளைகளிலேயே பாதிப் பேர் மஞ்சள் வேனில்தான் போகிறார்கள். நாமே நம்பாத பள்ளியை அரசாங்கம் எதற்குக் கவனிக்கும்?

ஆகவே ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்க் குறைகளைப் பட்டியல் எடுங்கள். ஓடு எத்தனை, கதவு எத்தனை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று எழுதுங்கள். கடைசி மூணு வருச வீட்டு வரி ரசீதை எடுத்து வையுங்கள். ரெண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிற கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள்.

வரி கட்டப் பயந்தவர்கள் அல்ல நாம். வானம் பொய்த்த வருசத்திலும் கிஸ்தி கட்டிய குடிகள். ஆத்துல போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போடுவதை அளக்காமல் விடுவோமா?

பள்ளியைக் காப்போம்! வரிக்குக் கணக்குக் கேட்போம்!
கிராம சபைக்குத் திரண்டு வாரீர்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்