சேரி இல்லாத ஊரை வரைந்தவன்

எங்க பெரியப்பா மகன் சுவரில் படம் வரைகிறவர். முப்பது வருஷமாக அதுதான் அவருக்குச் சோறு. திண்டிவனம் பக்கம் ஐந்தாறு ஊர்களில் 'ஆர்ட்டிஸ்ட்டு' என்றால் அவர்தான். இன்றைக்கு அவர் வேலை செய்வது சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலையோரம் நிற்கிற அடுக்குமாடிகளில். வீட்டை அலங்கரித்துக் கொடுக்கிற இன்டீரியர் டிசைனர்கள் கூப்பிடுவார்கள். இவர் போய் ஹாலில், படுக்கையறையில், குழந்தைகள் ரூமில் வீட்டுக்காரர் கேட்கிற படத்தைச் சுவரில் வரைந்து கொடுப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி.

போன வருஷம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் பத்தடிச் சுவர். 'வில்லேஜ் தீம்' வேண்டும் என்றார்கள். அண்ணன் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பென்சிலால் கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தார். கோபுரம், குளம், தேர், திண்ணை வைத்த ஓட்டு வீடு, மாட்டு வண்டி, வாசலில் கோலம் போடுகிற பெண். தேருக்கு முன்னால் மூன்று பேர் பறை அடித்துக்கொண்டு போகிறார்கள். டிசைனர் அம்மா வந்து பார்த்தார். எல்லாம் பிடித்தது, பறை மட்டும் பிடிக்கவில்லை. "டைனிங்ல இது வேணாமே, சாவு வீடு மாதிரி இருக்கும். நாதஸ்வரம் போட்டுடுங்களேன்" என்றார். அண்ணன் அந்த மூன்று பேர் மேலும் ரெண்டு கோட்டு பெயிண்ட் அடித்து மறைத்தார். அதே இடத்தில் இரண்டு நாதஸ்வரம், ஒரு தவில் வந்தது.

வேலை முடிந்ததும் வலது பக்கம் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குத் தன் பேரை எழுதினார். அதையும் அழிக்கச் சொன்னார்கள். "டிசைன் எங்களோடதுதானே? கிளையன்ட் என்ன நினைப்பாங்க?"

அண்ணன் இதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. "அந்தம்மா நல்லவங்கதான் தம்பி. டீ எல்லாம் குடுத்தாங்க. காசும் கரெக்டா வந்துடுச்சி" என்றார். அவர் கோபப்படாததில்தான் எனக்குக் கோபம்.

அந்தப் படத்தை போட்டோவில் பார்த்தேன். அழகான படம். ஊர் முழுசாக இருக்கிறது. சேரி இல்லை. அந்தத் தேர் ஓடுகிற தெருவில் எங்கள் தாத்தா கால் வைத்ததில்லை. அவருடைய பேரன் அதே தெருவைத் திண்ணை, தூண், மாடக்குழி எதுவும் விடாமல் வரைந்திருக்கிறார். எங்கிருந்து பார்த்து வரைந்தார்? தூரத்தில் நின்று பார்த்துத்தான்.

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் அது செங்கல்லாகவே இருந்தது. 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சுவர் அதைவிடச் சாமர்த்தியமானது. இதற்கு இன்னொரு பக்கமே கிடையாது. சேரியைப் பிரித்து நிறுத்த வேண்டிய அவசியமில்லை, வரையாமல் விட்டால் போதும். அதையும் சேரிக்காரன் கையை வைத்தே செய்துகொள்ளலாம்.

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்பார்கள். சரி, ரசனையைப் பற்றியே பேசுவோம். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். தொல்காப்பியம் கருப்பொருளில் பறையையும் வைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்று எங்களுக்கு வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எல்லா நிலத்துக்கும் இருந்த பறை எந்த நாளில் சாவுக்கு மட்டும் என்று ஆனது? அதை ஆக்கியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காத ரசனை வெறும் ரசனை அல்ல, சாதி. பெயிண்ட் வாசனையோடு வருகிற சாதி. இதே ஆட்கள் ஒரு பறையை வாங்கி வந்து வரவேற்பறையில் ஆணியடித்து மாட்டவும் தயங்க மாட்டார்கள். தோல் இருக்கலாம், கட்டை இருக்கலாம். அடிக்கிற ஆள் மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்து கையெழுத்து. அண்ணன் தொழில் பழகியது தெருச் சுவரில். கட்சிச் சின்னம், உர விளம்பரம், ஜவுளிக்கடை, சினிமாத் தட்டி. எதை எழுதினாலும் ஓரத்தில் 'இன்னார் ஆர்ட்ஸ்' என்று பேரும் ஊரும் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆளுங்கட்சிச் சுவரிலும் போட்டார்கள், எதிர்க்கட்சிச் சுவரிலும் போட்டார்கள். எவனும் அழிக்கச் சொன்னதில்லை. 2000த்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பிரஷ் பிடித்த கைகள் வாட்ச்மேன் வேலைக்கும் ஆட்டோவுக்கும் போயின. தப்பித்தவர்கள் சிலர் இப்படி வீட்டுக்குள் வந்தார்கள். வெயிலில் சாரத்தில் தொங்கியபோது பேர் இருந்தது. ஏ.சி. ஹாலுக்குள் வந்ததும் பேர் போய்விட்டது. முன்னேற்றம்!

"சுவர் அவங்களது, யோசனை டிசைனரோடது, காசும் குடுத்தாச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17: ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரைய வைத்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே போகும். இது அவர்கள் பக்கம். பிரிவு 57: பதிப்புரிமை கைமாறிய பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனிடமே இருக்கும். படைப்பைச் சிதைத்து அவன் மானத்துக்குக் கேடு வந்தால் வழக்கும் போடலாம். இது நம் பக்கம். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசாங்கம் பிடுங்கிக் கிடங்கில் போட்டது. அவர் விடவில்லை. 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தில் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் சொன்னது. சேகல் பேர் பெற்ற சிற்பி, பல வருஷம் கோர்ட்டுக்கு நடக்க முடிந்தது. சதுர அடிக் கூலிக்காரனுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதையாவது யார் சொன்னார்கள்?

பீகாரைப் பாருங்கள். இன்றைக்குப் பணக்கார வீடுகளில் தொங்குகிற மதுபனி ஓவியம் மிதிலைப் பெண்களின் வீட்டுச் சுவரில் இருந்தது. 1934 பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோதுதான் வெள்ளைக்கார அதிகாரி ஆர்ச்சர் கண்ணில் அது பட்டது. 1960களின் பஞ்சத்தில் காகிதத்துக்கு வந்தபோது முதலில் பேர் வாங்கியவை பிராமண, காயஸ்தப் பெண்களின் பாணிகள். துசாத் பெண்கள் என்ன செய்தார்கள்? தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சையையே காகிதத்தில் இறக்கினார்கள். ராமனுக்குப் பதில் தங்கள் வீரன் ராஜா சல்ஹேஸை வரைந்தார்கள். அதற்கு கோத்னா என்று பேர். மல்லா சாதியில் பிறந்து, ஓவியர் மகாசுந்தரி தேவி வீட்டில் வேலைக்காரியாக இருந்து வரையக் கற்ற துலாரி தேவிக்கு 2021இல் பத்மஸ்ரீ. கோத்னா வரைகிற சாந்தி தேவி பாஸ்வானுக்கும் சிவன் பாஸ்வானுக்கும் 2024இல் பத்மஸ்ரீ. விருது பெரிசு என்று சொல்லவில்லை. அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் பேர் இருந்தது. அதனால்தான் தேடிப் பிடிக்க முடிந்தது.

இனி நம்மைப் பற்றி. இதை நம் தோழர்கள் சிலரிடம் சொன்னேன். ஒருவர், "பணக்காரன் வீட்டுக்கு அலங்காரம் செய்றதெல்லாம் கலையா?" என்றார். இன்னொருவர், "பறையை அழிக்கச் சொன்னதும் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கணும்" என்றார். இருவருக்கும் மாசச் சம்பளம். அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். வருஷா வருஷம் ஃபீஸ் கட்ட வேண்டும். வயிற்றைக் கேட்காமல் வீரத்தைக் கேட்கிறவர்கள் தங்கள் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். ஏப்ரல் 14க்கு அண்ணன் எத்தனை சுவரில் அம்பேத்கர் வரைந்திருப்பார்! பாதிக் கூலி, பல தடவை அதுவும் இல்லை. "நம்ம இயக்கத்துக்குத்தானே அண்ணே" என்போம். சுவரில் மாவட்டம், ஒன்றியம், கிளை வரைக்கும் நிர்வாகிகள் பேர் வரிசையாக வரும். இடம் பத்தவில்லை என்று ஓரத்தில் இருந்த ஆர்ட்டிஸ்ட்டு பேரை எடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். டிசைனர் அம்மா டீயாவது கொடுத்தார்.

ஆகவே கேட்கிறேன். சட்டம் படிக்கிற நம் மாணவர்கள் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள், தமிழில். படத்தில் வரைந்தவர் பேர் இருக்கும். அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. கூலி சதுர அடிக்கு மட்டுமல்ல, படத்துக்கும் சேர்த்து. இந்த மூன்று வரி போதும். ஊரில் இருக்கிற சுவர் ஓவியர்களைத் தேடிப் போய்ப் படிப்பாளிகள் எழுதுங்கள். சேரி இருக்கிற ஊரை அண்ணன் வரைய ஒரு சுவர் வேண்டும். அதை எந்த டிசைனரும் தரப்போவதில்லை, நாம்தான் தர வேண்டும்.

வருகிற ஏப்ரலுக்குச் சுவர் பிடிக்கும்போது முழுக் கூலியை முன்கூட்டிக் கொடுங்கள். நிர்வாகிகள் பேரில் இரண்டைக் குறைத்துவிட்டு, வரைந்தவர் பேரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முதலில் நம் சுவரில் எழுதுவோம். அவர்கள் சுவரில் கேட்கிற யோக்கியதை அப்புறம் வரும்.