பிடிக்காத காயும் பிடிக்கும்!

உடம்பு இளைக்க வேண்டும். ஆனால் காய்கறியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் பல வீடுகளில் உண்டு. இவர்கள் செய்வது என்ன? பகலில் பட்டினி. மாலையில் பசி தாங்காமல் வடையும் பஜ்ஜியும்! இதனால் எடை குறையாது, உடம்புதான் கெடும்.

காயின் கசப்பும் வழவழப்பும்தான் பலருக்குப் பிடிப்பதில்லை. இதற்குச் சமையலிலேயே வழி இருக்கிறது. வெண்டைக்காயை வதக்கும்போது கொஞ்சம் புளித் தண்ணீர் தெளியுங்கள்; வழவழப்பு குறையும். சுரைக்காயைத் துருவி அடை மாவில் கலந்து விடுங்கள். முருங்கைக் கீரையையும் அப்படியே சேர்க்கலாம்.

ஆனால் ருசிக்காக எண்ணெயைக் கொட்டக் கூடாது. 1 மேசைக் கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. இது ஏறக்குறைய 2 இட்லிக்குச் சமம். பாகற்காயை எண்ணெயில் பொரித்தால் கசப்பு தெரியாதுதான். ஆனால் காயோடு எண்ணெயும் வயிற்றுக்குள் போகிறதே! பருப்பும் புளியும் சேர்த்து வேக வைத்தாலே கசப்பு அடங்கும்.

இளைக்க விரும்புகிறவருக்கென்று தனி உலை வைக்க வேண்டாம். இந்தச் சமையல் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. சமைக்கிறவருக்கும் வேலை மிச்சம். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள், காயைக் கூட்டுங்கள். வாரம் ஒரு புதுக் காய் போதும். நாக்கு பழகிவிடும், உடம்பும் இளைக்கும்.